ரிலேயைத் திட்டாதீர்கள்

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டால், காயில் கட்டும் கூலியோடு செலவு முடிவதில்லை. 800, 1,000 அடி ஆழத்திலிருந்து பைப், கேபிள், மோட்டார் எல்லாவற்றையும் மேலே தூக்க வண்டியும் ஆளும் வர வேண்டும். அதற்குள் மஞ்சள் வாடிவிடும். இதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்தில் அதிகம் திட்டு வாங்குவதும் அதுதான். “சும்மா சும்மா டிரிப் ஆகுதுங்க, கொஞ்சம் ஏத்தி வெச்சுருங்க” என்போம். எலக்ட்ரீசியனும் திருகை ஏற்றிவிட்டுப் போவார்.

5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி என்றால் சற்றுக் கூடும். நேரடியாகக் கிளப்பினால் முதல் சில நொடிகளுக்கு ஆறேழு மடங்கு, அதாவது 50 ஆம்பியர் வரை பாயும். அதைத் தாங்கும் ஃபியூஸ், 11 ஆம்பியரில் மெல்ல வெந்துகொண்டிருக்கும் மோட்டாரைக் கண்டுகொள்ளாது. ஃபியூஸ் இருப்பது ஷார்ட் சர்க்யூட்டுக்கு.

ரிலேக்குள் இருப்பது ஒட்டிப் பிணைத்த இரட்டை உலோகப் பட்டை. மோட்டாருக்குப் போகும் கரண்டால் அது சூடானால் ஒரு உலோகம் அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். பட்டை வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். அதனால் கொஞ்சம் மிஞ்சினால் பொறுத்துப் பார்க்கும், நிறைய மிஞ்சினால் பொறுக்காது. ‘கிளாஸ் 10’ ரிலே, வைத்த அளவைப்போல் 7.2 மடங்கு பாய்ந்தால் 10 நொடிக்குள் விழ வேண்டும். ஏற்கெனவே சூடாக இருக்கையில் 1.2 மடங்கு என்றால் இரண்டு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. ஆயிரம் அடி ஆழத்தில் காயில் எவ்வளவு சூடாகிறது என்பதை மேலே பெட்டிக்குள் இருந்தே அது நடித்துக் காட்டுகிறது.

அது விழுகிறது என்றால் கீழே ஏதோ நடக்கிறது. வோல்டேஜ் குறைந்திருக்கலாம், பம்புக்குள் மணல் ஏறியிருக்கலாம். மோசமானது, ஓடும்போதே ஒரு பேஸ் போவது. மிச்சமுள்ள இரண்டில் கரண்ட் சுமார் 1.73 மடங்காகும், சூடு மூன்று மடங்காகும். நீர்மூழ்கி மோட்டாரில் சுற்றும் பி.வி.சி. உறைக் கம்பி தாங்குவதோ 70 டிகிரிதான்.

ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரில்தான் வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. அதில் ரிலே பெரும்பாலும் டெல்டா சுற்றுக்குள் இருப்பதால், தகட்டில் இருப்பதில் 58 சதவீதமே வர வேண்டும். 12 ஆம்பியர் மோட்டாருக்கு ரிலே 7-இல் நிற்க வேண்டும். அங்கே 12 வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தண்ணீர் வற்றினால் மட்டும் ரிலேயை நம்ப முடியாது. தூக்கத் தண்ணீர் இல்லாததால் சுமை குறைந்து கரண்டும் இறங்கிவிடும். ரிலேக்கு எல்லாம் சுகம். மோட்டாரோ குளிர்விக்கத் தண்ணீரின்றி வேகும். கரண்ட் குறைவதைப் பார்த்து நிறுத்தும் டிரை ரன் கருவி தனியாக வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஆம்பியர் மீட்டர்தான் துணை. இலவச மின்சாரத்தில் கரண்ட் பில் எதையும் காட்டிக்கொடுக்காது. எட்டில் நிற்கும் முள் ஐந்துக்கு இறங்கி ஆடினால், வாய்க்காலைப் பார்க்கப் போகாமல் முதலில் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள்.