வெள்ளைக் கருடனைப் பார்த்தால் கண்ணைப் பாருங்கள்!

கும்பாபிஷேகத்தில் கலசத்துக்குப் புனித நீர் ஊற்றும்போது எல்லாரும் அண்ணாந்து தேடுகிறோமே, அந்தக் கருடன் வெள்ளைத் தலையோடு பிறப்பதில்லை, தெரியுமா? இளம் பருவத்தில் உடம்பெல்லாம் தவிட்டு நிறம். சாதாரணப் பருந்து என்று நினைத்துக் கடந்துவிடுவோம். தலையும் மார்பும் வெளுக்க மூன்றாம் ஆண்டு ஆகிவிடும்!

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சியூ ஜெட்டியின் கடைசிப் பலகையில் நின்று பாருங்கள். கருடன் தாழ வரும்போது சிறகு நுனி மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு வெறும் அழகுக்கு இல்லை! மெலனின் என்ற கருநிறமி ஏறிய இறகு சீக்கிரம் தேயாது. வெள்ளை இறகோ விரைவில் நைந்துபோகும்.

அப்படியிருந்தும் உடம்பு முழுக்க வெளுத்த வேட்டைப் பறவைகள் உண்டு! அமெரிக்காவில் செவ்வால் பருந்துகள் சில பால்போல வெளுத்துப் பறக்கின்றன. நிறமி செய்யும் செல்கள் இறகுக்குப் போய்ச் சேராவிட்டால் இப்படி ஆகும், பெயர் லூசிசம். கண் மட்டும் வழக்கமான நிறத்திலேயே இருக்கும். அல்பினோ வேறு. அதன் உடம்பில் மெலனினே உருவாகாது, கண்ணும் சிவந்திருக்கும், பார்வையும் மங்கல். கண்ணை நம்பி இரை பிடிக்கும் பறவை பிறகு எப்படிப் பிழைக்கும்? வளர்ந்த அல்பினோக் கழுகு அத்தனை அரிதாக இருப்பது அதனால்தான்.

டாஸ்மேனியாவில் சாம்பல் வல்லூறு என்று ஒன்று. பெயர்தான் சாம்பல், அந்தத் தீவில் இருப்பதெல்லாம் தூய வெள்ளை! அது குறையே இல்லை, பரம்பரை நிறம்.

இன்னும் கேளுங்கள். எலிகளை ஒழிக்கக் கூகைகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகம் ஆராய்ந்திருக்கிறது. சுவிட்சர்லாந்துக் கூகைகளைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வு சொல்வது என்ன தெரியுமா? முழுநிலவில் வெள்ளைக் கூகையின் மார்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் வயல் எலி திகைத்து, ஓடாமல் அப்படியே உறைந்து நிற்கிறதாம்! நிலவே அதற்கு வேட்டைத் துணை.

தமிழ்நாட்டின் திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் உண்ட வெள்ளைக் கழுகுகளைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த இனத்தின் குஞ்சு கரும்பழுப்பு. வெளுக்க ஏறக்குறைய 5 ஆண்டு. அதன் முகத்து மஞ்சள் எங்கிருந்து வருகிறது? மாட்டுச் சாணத்தைத் தின்பதிலிருந்து! 1990-களோடு அவை மலைக்கு வருவது நின்றுவிட்டது. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கடலோரத்தில் வெள்ளையாக ஒன்று வட்டமிட்டால் கூட்டைத் தேடிப் போகாதீர்கள். எட்ட நின்று, கண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள்.