கொரோனாத் தொற்றும் கல்முனைக் கரையோரச் சிறாரும்: ஒரு சமூகவியல் நோக்கு

கொரோனாத் தொற்று சிறாரை அதிகம் வருத்துவதில்லை என்பது 2020ஆம் ஆண்டு முதலாகப் பரவலாகக் கூறப்பட்டு வந்த கருத்தாகும். மருத்துவ நிலைநின்று நோக்குமிடத்து இக்கருத்துப் பெரும்பாலும் சரியானதே. ஆயின், சிறாரின் உடலை அவர்தம் வீட்டினின்றும், வீட்டை அதன் பொருளாதார அடித்தளத்தினின்றும் பிரித்து நோக்குவார்க்கே அது முழுமையானதாகத் தோன்றும். 1848இல் மேற்சிலேசியாவின் தைபசுக் காய்ச்சலை ஆராய்ந்த ஜேர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ, வறுமையையும் அரசின் புறக்கணிப்பையும் நோய்க் காரணிகளாகவே கொண்டார். அந்நோக்கினை அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே இங்கு எமது முயற்சியாகும்.

முதலில் மருத்துவ உண்மைகளைத் தொகுத்துக்கொள்வோம். தொற்றுக்குள்ளாகும் சிறாருட் பெரும்பாலானோர்க்குக் காய்ச்சல், இருமல், தடிமன், வயிற்றோட்டம் முதலிய இலேசான குறிகளே தோன்றும். சிலர்க்கு எக்குறியும் தோன்றுவதில்லை. அவர்தம் மூக்கிலும் தொண்டையிலும் இயல்பான நோயெதிர்ப்பு விரைந்து செயற்படுவது இதற்கொரு காரணமாகக் கருதப்படுகின்றது. கைக்குழந்தைகளும், நீரிழிவு, இருதய நோய் முதலியன உடைய சிறாரும் கூடிய ஆபத்துக்குட்பட்டோர். அரிதாகச் சிலரில், தொற்று நீங்கி இரண்டு முதல் ஆறு வாரங்களின் பின்னர், பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோய் தோன்றுகின்றது. விடாத காய்ச்சல், தோலிற் சிவந்த தடிப்பு, கண் சிவத்தல், கடும் வயிற்றுவலி ஆகியன இதன் குறிகள், இருதயமும் பாதிக்கப்படலாம். 2020 ஏப்ரலில் பிரித்தானியாவில் இனங்காணப்பட்ட இந்நோய் 2021இல் இலங்கைச் சிறாரிடையேயும் காணப்பட்டது. உரிய வேளையில் வைத்தியசாலையை அடைந்தோர் பெரும்பாலும் குணமடைகின்றனர். எனவே, பெற்றோர் தயக்கமின்றி வைத்தியசாலையை நாடுவது இங்கு உயிர்காக்கும் செயலாகின்றது.

இனி வீட்டை நோக்குவோம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகியன கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருங்கியமைந்த ஊர்கள். மீன்பிடி, நெசவு, நாட்கூலி, மத்திய கிழக்கு உழைப்பு ஆகியன பலரின் வாழ்வாதாரம். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தினால் தாயும் மகளும் ஒரே வளவிலோ அருகருகேயோ வாழ்கின்றனர். உம்மா வெளிநாட்டிற் பணிப்பெண்ணாக இருக்குமிடத்துப் பிள்ளையை வளர்ப்பவர் மூத்தம்மாவே. முதியோரைச் சிறாரினின்றும் விலக்கி வைக்குமாறு கூறிய அறிவுரை, தனித்தனி அறைகளுள்ள வர்க்கத்தின் வாழ்நிலையை எல்லோர்க்கும் பொதுவெனக் கருதிய அறிவுரையாகும்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிற் பரவிய தொற்று, நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையிலும் வெளிப்பட்டது. சந்தை மூடப்படின் நாட்கூலி இல்லை. கூலியின்றேல் பிள்ளைகளின் உணவு குறையும். 2020 மார்ச் முதல் 2021 ஒக்டோபர் வரை பாடசாலைகளும் இடையிடையே திறந்து நெடுங்காலம் மூடிக் கிடந்தன. நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுள் ஒன்றிலேயே கணினி இருந்த நிலையில், இணையவழிக் கல்வி வர்க்க வேறுபாட்டைக் கல்வியினுள்ளும் ஆழப்படுத்தியது.

இவையனைத்தினும் ஆழமாகத் தைத்தது அரசின் கட்டாய எரிப்பு ஆணையாகும். தொற்றினால் இறந்தோரை அடக்கஞ் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், 2020 ஏப்ரலில் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில், பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையொன்றின் உடல் பெற்றோரின் இணக்கமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. மக்கள் மயான வேலியில் வெண்துணி கட்டித் தம் துயரை வெளியிட்டனர். காய்ச்சலுற்ற பிள்ளையை ஏந்தி நிற்கும் தாயின் மனத்தில், ஜனாஸாவும் மறுக்கப்படுமோ என்னும் அச்சத்தை அரசே விதைத்துவிட்டு, காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு வருமாறு கூறுவது முரண்பாடன்றோ? 2021 பெப்ரவரியில் ஆணை தளர்த்தப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

ஆகவே, சிறாரின் உடல் பெரும்பாலும் தாங்கிக்கொண்ட நோயை, அவர்தம் சமூக நிலை கடுமையாக்கியது என்பதே எமது முடிபு. அடுத்த கொள்ளைநோய்க்கான ஆயத்தம் மருந்துக் களஞ்சியத்தோடு நின்றுவிடலாகாது. நாட்கூலி இழந்த வீட்டிற்கு உணவும், மூடிய பாடசாலைக்கு மாற்றும், இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி அடக்கமும் உறுதிசெய்யப்படும்போதே மக்கள் அச்சமின்றித் தம் பிள்ளைகளை வைத்தியசாலை வாயிலுக்குக் கொண்டுவருவர்.