எமர்ஜென்சி லைட்டுக்கு மறுவாழ்வு

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கரை தாண்டியபோது கோட்டூர்புரம், அடையாறு பகுதிகள் இருட்டில் கிடந்தன. மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தேங்கிய தண்ணீரில் யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாதென்று பல இடங்களில் மின்வாரியமே சப்ளையை நிறுத்தியது. இப்படிப்பட்ட ராத்திரிகளில்தான் மயிலாப்பூர், தி.நகர் வீட்டுப் பரண்களிலிருந்து எமர்ஜென்சி லைட் இறங்கும். இறங்கியது எரிந்தால் அதிர்ஷ்டம்.

எரியாததற்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரி. 2012-ல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தபோது இந்த லைட்டுகளுக்கு ஓயாத வேலை. தினம் எரிந்தன, தினம் சார்ஜ் ஏறின. இப்போது வருஷத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கின்றன. பல லைட்டுகளுக்குள் இருக்கும் 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு எமனே அதுதான். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகள்மேல் சல்பேட் படிகம் இறுகிவிடும். அப்புறம் விடிய விடிய பிளக்கில் மாட்டி வைத்தாலும் சார்ஜ் நிற்காது.

ஆகவே பேட்டரி மாற்றுகிறவர் எத்தனை மணி நேரம் எரியும் என்று விசாரிப்பதற்கு முன்னால், எத்தனை மாதம் சும்மா கிடந்தாலும் தாங்கும் என்று விசாரிக்க வேண்டும்.

எமர்ஜென்சி லைட்டைவிட மூன்று கட்டை டார்ச்சில் இந்த வேலை சுலபம். பின்மூடியைத் திருகினால் ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சாதா பேட்டரிக் கட்டையின் துத்தநாக உறைதான் அதன் எதிர்முனை. மின்சாரம் தரத்தர அந்த உறை அரிபட்டு ஓட்டை விழ, உள்ளே இருக்கும் ரசாயனம் கசிந்த அடையாளம்தான் அந்தப் பூப்பு. உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சிட்ட பிறகு, ஏ.ஏ. அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் பெரிய கட்டை அளவுள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு நுழைக்கலாம். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் வகைச் செல்கள் ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி சார்ஜைக் காப்பாற்றும்.

ஒரு செல் தருவது 1.5 அல்ல, 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். சாதா கட்டையும் எரிய எரிய அந்த அளவுக்கு இறங்குவதுதான். வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும்; மூன்று செல் 3.6 தருவதால் கொஞ்சம் மங்கினாலும் எரியும். இரண்டு கட்டை டார்ச்சில் 2.4 வோல்ட்தான் கிடைக்கும், அதற்கு வோல்ட்டை உயர்த்தும் பூஸ்டர் போர்டு இல்லாமல் முடியாது.

லித்தியம் என்றால் ஜாக்கிரதை. ஒவ்வொரு கட்டைக்கும் பதிலாக ஒரு 18650 செல்லைப் போட்டால், முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் மூன்றும் சேர்ந்து 12.6 வோல்ட், பல்பு நொடியில் போய்விடும். 4.5 வோல்ட் டார்ச்சுக்கு ஒரே செல் போதும். கூடவே டி.பி.4056 சார்ஜிங் போர்டு, அதிலும் செல்லை அடியோடு வற்றவிடாத பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்தச் சாமான்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே கதி.

6 வோல்ட் லைட்டுக்கு நல்ல மாற்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல் ஒன்று 3.2 வோல்ட், இரண்டைத் தொடராக இணைத்தால் 6.4. ஆனால் பழைய சார்ஜர் சர்க்யூட்டை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மலிவான லைட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது; ஒரு கெப்பாசிட்டர் மூலம் 230 வோல்ட் நேரடியாக உள்ளே வரும். பிளக்கில் இருக்கும்போது மூடியைத் திறந்து கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பழைய சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, இந்த வகைச் செல்லுக்கென்றே உள்ள, செல்களைப் பாதுகாக்கும் பி.எம்.எஸ். போர்டையும் 7.2 வோல்ட் சார்ஜரையும் பொருத்துவதுதான் முறை.

கழற்றிய ஈய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் கொட்டினால் ஈயமும் மண்ணில் சேரும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.