கர்ப்பாசய ஒட்டும் அதனைத் தடுக்கும் வகையும்

கருச்சிதைவுற்ற பெண்ணை வைத்தியசாலையினின்று அழைத்துவரும் உறவினர், "கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிட்டார்கள்" என்பர். தியாகராய நகரிலும் அதுவே பேச்சு. திருநெல்வேலியிலும் அதுவே பேச்சு. இது சற்று ஏமாற்றுஞ் சொல்லாகும். எஞ்சிய கருவோடு உயிருள்ள சவ்வும் சுரண்டப்படக்கூடும் என்பதை அது மறைத்துவிடுகின்றது.

கர்ப்பாசயத்தின் உட்சவ்வு இரு படலங்களால் ஆயது. மேற்படலம் மாதந்தோறும் கழிவது. அடிப்படலமோ நிலைத்து நின்று, அறுத்த தாளினின்று மறுதாம்பு துளிர்ப்பதுபோல் புதிய மேற்படலத்தை வளர்ப்பது. கூரிய கருவி அடிப்படலத்தையும் பெயர்த்துவிடின், புண்பட்ட முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டு, ஆறும்போதே தழும்பினால் ஒட்டிக்கொள்ளும். பிரசவத்திற்கோ கருச்சிதைவிற்கோ பின் கர்ப்பாசயம் மிருதுவாயிருத்தலின் அப்போதே அபாயம் மிகுதி. மாதவிலக்குக் குன்றும், அல்லது நின்றுவிடும். கருத்தரியாமையும், தரித்த கரு கலைதலும் நேரும். காரணம் சிகிச்சையில் இருக்க, 'மலடி' என்னும் பழியோ பெண்ணின் தலையில் விழுகின்றது.

ஜெர்மானிய வைத்தியர் பிரிட்ஷ் இதனை 1894-இல் குறித்தார். டெல் அவீவ் நகரத்து ஜோசப் ஆஷர்மன் 1948-இல் 29 பெண்களின் நிலையை விரித்தெழுதிய பின் அவர் பெயரே இந்நோய்க்கு வழங்கலாயிற்று.

நம் நாட்டில் க்ஷயமும் இதற்கு ஒரு காரணம். மாம்பலத்தில் ரயிலேறி எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்வோர் இடையே சேத்துப்பட்டைக் கடப்பர். க்ஷயரோகிக்கு வீட்டிலேயே மருந்தளித்துக் குணப்படுத்தலாமென மெய்ப்பித்த ஆராய்ச்சி நிலையம் 1956-இல் தோன்றியது அங்கேதான். சுவாசப்பையை மட்டுமன்றிக் கர்ப்பாசயத்தையும் அந்நோய் பற்றிச் சவ்வை அழிக்கும். ஆதலின் ஒட்டினை அறுக்கப் புகுமுன் க்ஷயமுண்டோவென ஆராய்தல் இங்கு இன்றியமையாதது.

இனித் தடுக்கும் வகை. சுரண்டாதிருத்தலே முதல் உபாயம். முற்றுப்பெறாத கருச்சிதைவு பலர்க்கு மிசோப்ரோஸ்டால் என்னும் மருந்தாலேயே முடிவுறும். கருவி வேண்டுமாயின், கூரிய கரண்டியை விடுத்து உறிஞ்சு முறையையே கையாளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வாறிருந்தும் பழகிய கை பழைய கருவியை எளிதில் விடுவதில்லை! நச்சுக்கொடியின் துண்டு தங்கிவிட்டதாயின், குருட்டாம்போக்காய்த் துழாவாது, ஹிஸ்டராஸ்கோப் என்னும் நோக்குக்குழலைச் செலுத்திக் கண்ணாற் கண்டு அகற்றுதல் நன்று. எதிரெதிர்ச் சுவர்களில் நார்க்கட்டிகள் இருப்பின் அவற்றை ஒரே அமர்வில் நீக்காமல் இரு முறையாக நீக்குவாரும் உளர். இரண்டு புண்கள் எதிரெதிரே நிற்கலாகாது என்பதே கருத்து.

ரணசிகிச்சை முடிந்தபின் சுவர்கள் தொடாதிருக்கச் சின்னாட்கள் சிறு பலூனை உள்ளே வைப்பதுண்டு. ஹயலுரானிக் அமிலப் பசையை நிரப்புவதும் உண்டு. இப்பசை ஒட்டினைக் குறைக்கின்றது. எனினும் அதனால் மகப்பேறு மிகுகின்றதென்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. காப்பர்-டி அழற்சியை விளைப்பதாதலின் இதற்கு ஏற்றதன்று. ஒட்டினை அறுத்தவர்க்குச் சில வாரங்களில் மீண்டும் குழலிட்டுப் பார்ப்பது வழக்கம். புதிய ஒட்டு மெல்லியதாகையால் அப்போது எளிதிற் பிரியும்.

சிகிச்சைக்கு முன், "உறிஞ்சுவதா, சுரண்டுவதா?" என்று வைத்தியரை வினவ எந்தப் பெண்ணுக்கும் உரிமையுண்டு. பின்னர் 8 வாரம் கடந்தும் மாதவிலக்கு வாராவிடின், மீண்டும் கருவுற்றிருக்கவில்லையென்று தெளிந்தபின், முன் நடந்த சிகிச்சையை ஒளியாது உரைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.