தாயின் ரத்தம் கூறும் எச்சரிக்கை

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொன்னது வெறும் வார்த்தையன்று. கர்ப்பிணியின் கால் வீங்கினால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோத்துக்கொள்வது சகஜந்தானே!" என்று பாட்டிமார் சமாதானம் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் சிலருக்கு, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, அவ்வீக்கத்தின் பின்னே ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டிருக்கும். சிறுநீரில் புரதம் கழியும். தலைவலியும் கண் மங்கலும் தோன்றும். இதுவே பிரீஎக்ளாம்ப்சியா என்னும் வியாதி. கவனியாது விட்டால் வலிப்புக் கண்டு, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம். அவ்வலிப்பை ஜன்னியென்றும் பேய்க்கோளாறென்றும் எண்ணி மயங்கிய காலமும் உண்டு.

இதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் அனந்த் கருமஞ்சியும் அவருடைய சகாக்களும் 2003-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ரத்தக் குழாய்களைப் போஷிக்கும் பொருள் ஒன்று நஞ்சுக்கொடியில் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவொட்டாமல் தடுக்கும் மற்றொரு பொருளும் அங்கேயே சுரக்கிறது. இந்நோய் கண்டவர்களிடம் தடுக்கும் பொருள் மிகுந்து, போஷிக்கும் பொருள் குறைந்துவிடுகிறது. எலிகளின் உடலில் தடுக்கும் பொருளை மிகுதிப்படுத்தியபோது, அவற்றுக்கும் ரத்தக் கொதிப்பு ஏறிச் சிறுநீரில் புரதம் கழிந்தது. நோய்க்குறி தோன்றுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்பே இப்பொருள் ரத்தத்தில் பெருகத் தொடங்குகிறது என்பதும் 2004-இல் தெரியவந்தது.

தடுக்கும் பொருளின் அளவைப் போஷிக்கும் பொருளின் அளவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே இன்றைய பரிசோதனை. நோய் இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. எண் 38-ஐத் தாண்டாதவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் அடுத்த ஒரு வாரத்தில் நோய் காணவில்லை. தாண்டியவர்களுள் நான்கு வாரத்துக்குள் நோய் கண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 37 பேரே. ஆகவே இப்பரிசோதனை நோயை உறுதி செய்வதைவிட, அச்சத்தைத் தீர்ப்பதிலேயே வல்லது.

இது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆலங்குளம் போன்ற ஊர்களுக்குச் சிறிய விஷயமா? விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ போவதென்றால், வீட்டார் மில் வேலையையும் வயல் வேலையையும் விட்டுக் கூடவே செல்ல வேண்டும். யார் உடனே போக வேண்டும், யார் இருந்து பார்க்கலாம் என்று வைத்தியர் தீர்மானிப்பதற்கு இந்த எண் துணையாகும். ஆனால் இதற்குத் தக்க யந்திரமும் செலவும் வேண்டும்.

அதுவரை வாளாவிருக்கலாமா? கூடாது. கையில் பட்டை சுற்றி ரத்தக் கொதிப்பை அளப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கும். மெக்னீசியம் சல்பேட் என்னும் எளிய மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்குமேல் குறைக்கிறதென்று 2002-இல் நிரூபணமாயிற்று. அபாயம் மிகுந்தவர்கள் வைத்தியர் சொற்படி கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலிருந்து சிறிதளவு ஆஸ்பிரின் உட்கொண்டால், குறைமாதத்திலேயே இந்நோய் காண்பது பாதிக்குமேல் குறைகிறதென்று 2017-இல் தெளிவாயிற்று. பிரசவத்துக்குப் பின்னும் சில நாள் அபாயம் நீடிக்கும் என்பதை மறத்தலாகாது.

வளைகாப்புக்கு நாள் பார்க்கும் இல்லங்கள், மாதந்தோறும் ரத்தக் கொதிப்பைப் பார்க்கும் நாளையும் அதே சிரத்தையுடன் குறித்துக்கொள்ளட்டும். கர்ப்பிணி தலைவலி என்றால், கண் மங்குகிறது என்றால், மறுநாளுக்கு ஒத்திப்போடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.