எவரெஸ்ற் ஏறும் பருவம்

பனிமலை ஏறுதற்கு உகந்த காலம் எதுவென வினவினால், வெயில் மிகுந்த கோடைகாலமே என்று விடையிறுப்பார் பலர். குளிர் குறைந்திருத்தலே மலையேறுவோனுக்கு முதன்மையானது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஏறத்தாழ 8,849 மீற்றர் உயர்ந்து நிற்கும் எவரெஸ்ற் சிகரத்துக்கு இவ்விடை பொருந்தாது. அங்கே குளிர் மிகக் குறைந்த மாதங்கள் யூலையும் ஓகஸ்டும் ஆகும். ஆயினும், அம்மாதங்களில் ஏறுவோரைக் காண்டல் அரிது. உச்சியை அடைந்தோருள் மிகப் பெரும்பாலோர் மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து அதன் இறுதிவரையுள்ள சில நாட்களிலேயே அதனை அடைந்துள்ளனர்.

இவ்விந்தைக்குக் காரணம் காற்றே. பூமியின் மேல்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருவேகத்தோடு ஓடும் காற்றாறு ஒன்றுண்டு. வானிலை அறிஞர் இதனை ஜெற் காற்றோட்டம் என்பர். குளிர்காலத்தில் இஃது இமயத்தின் மேலாகவே ஓடுகின்றது. தாழ்ந்த மலைகள் இதற்குக் கீழே அடங்கி நிற்க, எவரெஸ்ற் போன்ற மிக உயர்ந்த சிகரங்கள் தம் தலையை இவ்வாற்றினுள் நீட்டி நிற்கின்றன. மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அங்கே காற்று வீசுவதுண்டு. அக்காற்றில் மனிதன் நிமிர்ந்து நிற்றல் இயலாது.

வேனிலில் ஆசிய நிலப்பரப்பு வெப்பமடைய, இக்காற்றோட்டம் மெல்ல வடக்கே விலகித் திபெத்துக்கு அப்பால் செல்கின்றது. அவ்விடத்தை நிரப்ப வருவது தென்மேல் பருவக்காற்று. மே மாதப் பிற்பகுதியில் இலங்கையின் மேற்குக் கரையிலே மழை பொழியத் தொடங்கும் அதே காற்றுத்தான், யூன் முதல் வாரமளவில் கேரளத்தையும், பின்னர் வங்காள விரிகுடா வழியாக நேபாளத்தையும் சென்றடைகின்றது. அங்கே அது மழையன்று. மலைச்சரிவுகளில் ஆழமாகக் குவியும் புதுப்பனி. அப்பனி சரிந்து வீழ்ந்தால் கூடாரமும் ஆளும் எஞ்சார். ஆகவே, ஒரு காற்று விலகி மற்றது வந்து சேருமுன் உள்ள சின்னஞ்சிறு இடைவெளியே மலையேறுவோனுக்குரிய பருவமாகும். 1936ஆம் ஆண்டில் திபெத்து வழியாகச் சென்ற ஆங்கிலேயக் குழுவினர், பருவக்காற்று முந்தி வந்தமையால் உச்சியை அணுகவும் இயலாது திரும்பினர்.

பருவத்தின் வலிமையை டென்சிங் நோர்கேயைப் போல் அறிந்தவர் வேறொருவரும் இலர் எனலாம். ஒரே மலையில், ஒரே தென்புற வழியில், ஓராண்டுக் காலத்துள் மும்முறை முயன்றவர் அவர். 1952 மே 28இல் சுவிற்சர்லாந்துக் குழுவைச் சேர்ந்த லம்பேர்ட்டுடன் ஏறத்தாழ 8,600 மீற்றர் வரை ஏறினார். அதற்கு முந்திய இரவை இருவரும் உறங்கு பையுமின்றி, அடுப்புமின்றி, மெழுகுதிரிச் சுடரில் பனியை உருக்கிக் குடித்துக் கழித்தனர். அன்று அவர்களைத் தடுத்தது பருவமன்று. களைப்பும், செவ்வனே இயங்காத ஒட்சிசன் கருவியுமே தடுத்தன. அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவ்விருவரும் மீண்டும் சென்றனர். நவம்பரில், 8,100 மீற்றர் அளவிலேயே கடுங்காற்றும் குளிரும் அவர்களைத் திருப்பிவிட்டன. ஷேர்ப்பா ஒருவர் அம்முயற்சியில் உயிரிழந்தார். வழி தெரியாமையால் நேர்ந்த தோல்வியன்று அது. ஆறு மாதங்களுக்கு முன் கடந்த வழியையே காற்று அடைத்துவிட்டது.

மூன்றாம் முயற்சி 1953இல் ஆங்கிலேயக் குழுவோடு நிகழ்ந்தது. அக்குழுவினருக்கென அகில இந்திய வானொலியும் பி.பி.சி.யும் வானிலை அறிவித்தல்களைத் தனியே ஒலிபரப்பின. பருவக்காற்று எங்கே வந்துள்ளது என்பதை அவர்கள் பனிமலையில் இருந்தவாறே வானொலிவழி அறிந்தனர். மே 28 இரவு கூடாரத்துள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 27 பாகை. ஹிலாரியின் சப்பாத்துக்கள் உறைந்து கல்லாயின. அடுப்பில் வாட்டியே அவற்றை அணிந்தார். ஆயினும் மறுநாட் காலை காற்று அடங்கியிருந்தது. முற்பகல் 11.30 மணியளவில் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றனர். குளிரைத் தாங்கலாம், காற்றைத் தாங்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இலையுதிர்காலத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 1973 ஒக்டோபரில் யப்பானியர் முதன்முதலாக அப்பருவத்தில் உச்சியை அடைந்தனர். ஆனால் வேனிலில் நாளுக்கு நாள் வெப்பம் கூடுகின்றது. இலையுதிர்காலத்திலோ நாளுக்கு நாள் குளிர் கூடி, பகல் குறுகுகின்றது. வங்காள விரிகுடாவின் சூறாவளிகளும் அப்பொழுது அச்சுறுத்தும். 2014 ஒக்டோபரில் விசாகபட்டினத்தைத் தாக்கிய சூறாவளியின் எச்சமே இரு நாட்களின் பின் நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியில் பனிப்புயலாகி, நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது.

உச்சியில் மூச்சுவிடும் காற்றும் பருவத்தோடு மாறுகின்றது. கடல்மட்டத்தில் வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். 1981 ஒக்டோபரில் எவரெஸ்ற் உச்சியில் அளந்தபோது அது 253 ஆக இருந்தது. குளிர்காலத்தில் இன்னும் பத்து மில்லிமீற்றர் வரை குறையும். சிறிய வேறுபாடே எனினும், ஒட்சிசன் கலன் இன்றி ஏறுவோனுக்கு மலை மேலும் உயர்ந்துவிட்டதற்கு ஒப்பாகும் அது.

விதியை மீறி வென்றோரும் உளர். 1980 பெப்ரவரி 17இல் போலந்து நாட்டவர் இருவர் கடுங்குளிர்காலத்தில் உச்சியை அடைந்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் 20இல், பருவமழை சற்றே ஓய்ந்த வேளையில், ரைன்ஹோல்ட் மெஸ்னர் தன்னந்தனியே, ஒட்சிசன் கலனுமின்றி ஏறினார். இவை வியத்தற்குரியன, பின்பற்றத்தக்கன அல்ல.

நல்ல பருவத்துள்ளும் தீய நாள் உண்டு. 1996 மே 10இல் எழுந்த புயல் எட்டுப் பேரைப் பலிகொண்டது. இந்நாளில் வானிலைக் கணிப்பு திருந்தியுள்ளது. ஆனால் அனைவரும் ஒரே கணிப்பை நம்பி ஒரே நாளில் புறப்படுவதால், 2019 மே மாதத்தில் உச்சிக்கு அணித்தாக மக்கள் வரிசையிற் காத்து நிற்கும் நிலை தோன்றிற்று. மேலே வரிசை நீளக் கீழே கும்புப் பனியருவி இளகிக்கொண்டிருக்கும். அதனால் அதனை ஞாயிறு எழுமுன், இருளிலேயே கடப்பர். அங்கு ஏணிகளையும் கயிறுகளையும் பூட்டிப் பேணும் ஷேர்ப்பாக்கள், வழக்கமாக மே மாத இறுதியில் அவற்றைக் கழற்றிவிடுகின்றனர். அதன்பின் வானம் தெளிந்திருப்பினும் அப்பருவத்தில் அவ்வழி ஏறுவாரில்லை.