டம்மி டக்: 85 ஆயிரம் எப்படி 1,94,700 ஆச்சு?

எடை குறைச்ச கதையை இங்க நிறைய தடவை சொல்லிட்டேன். அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொன்னதில்ல. இன்னைக்கு அதுதான், அதுவும் முழுக்க முழுக்க காசுக் கணக்கு.

எனக்கு 31 வயசு. இரண்டு வருஷத்துல 34 கிலோ குறைஞ்சேன். கொழுப்பு போச்சு, தோல் போகல. அடிவயித்துல மடிப்பா தொங்குது. சென்னை வெயில்ல அந்த மடிப்புக்குள்ள வேர்வை தங்கி, முதல்ல அரிப்பு, அப்புறம் புண். க்ரீம் போட்டா ஆறும், ஏப்ரல் வந்தா திரும்ப வரும். எத்தனை பிளாங்க் போட்டாலும் இழுபட்ட தோல் சுருங்காது. ஜிம் டிரெய்னர் இதைச் சொல்ல மாட்டார், நான் சொல்றேன்.

அதனால ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு காசு சேர்க்க ஆரம்பிச்சேன். கையில 2 லட்சம் இருந்தது. அம்மாகிட்ட சொன்னதும், "வயித்தை அறுத்துக்கவாடி இவ்வளவு நாளா சேர்த்தே?"ன்னு கேட்டாங்க. அதுக்கு இன்னும் என்கிட்ட நல்ல பதில் இல்ல.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். லைப்போசக்‌ஷன் வேற, டம்மி டக் வேற. லைப்போவுல குழாய் விட்டு கொழுப்பை உறிஞ்சி எடுப்பாங்க. தோல் அப்படியேதான் இருக்கும். டம்மி டக்ல ஒரு இடுப்பு எலும்புல இருந்து மறு இடுப்பு எலும்பு வரைக்கும் அடிவயித்துல கீறி, தோலை விலா எலும்பு வரைக்கும் மேல தூக்குவாங்க. நடுவுல விலகிப் போன வயித்துத் தசையை இழுத்துத் தைப்பாங்க. பிரசவம் ஆன நிறைய பேருக்கு இந்தத் தசை விலகியிருக்கும். அப்புறம் மிச்சத் தோலை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புது இடத்துல வழி விட்டுத் தைப்பாங்க. முழு மயக்கம் கொடுத்து, இரண்டுலருந்து நாலு மணி நேரம். இது பார்லர் சமாச்சாரம் இல்ல, பெரிய ஆபரேஷன். விலை அங்கதான் ஆரம்பிக்குது.

நான் மூணு இடத்துல எஸ்டிமேட் வாங்கினேன். பேர் சொல்லப் போறதில்ல.

முதல் இடம், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துல பார்த்த கிளினிக். "ஆரம்ப விலை 85,000." போனா டாக்டரைப் பார்க்க முடியல, கவுன்சிலர்னு ஒரு பொண்ணு உட்கார்ந்து பேசினாங்க. இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா 10 சதவீதம் தள்ளுபடி, மிச்சத்துக்கு ஈ.எம்.ஐ. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "இந்த 85,000-ல என்னென்ன அடக்கம்?" சர்ஜன் ஃபீஸ் மட்டும்தானாம். மயக்க மருந்து டாக்டருக்கு 20,000. தியேட்டர், ரூமுக்கு 45,000. ரத்தப் பரிசோதனை, மருந்து, அப்புறம் போட்டுக்கிற இறுக்கமான பெல்ட்டு எல்லாத்துக்கும் 15,000. ஆக 1,65,000. அதுக்கு மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 29,700. மொத்தம் 1,94,700.

ஆமா, ஜி.எஸ்.டி. ஆஸ்பத்திரி பில்லுக்கு ஏது வரின்னு நானும் கேட்டேன். மருத்துவ சிகிச்சைக்குப் பொதுவா வரிவிலக்கு உண்டு. ஆனா அழகுக்காகச் செய்யுற ஆபரேஷனுக்கு அந்த விலக்கு கிடையாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்து, காயம் இதையெல்லாம் சரி பண்றதா இருந்தா மட்டும் விலக்கு. எடை குறைஞ்சு தோல் தொங்குறது அந்தப் பட்டியல்ல இல்ல. புண் வருதேன்னா, அதுக்குப் பதில் இல்ல.

இரண்டாவது இடம், ஐ.சி.யூ. இருக்கிற ஒரு ஆஸ்பத்திரி. வரியோட சேர்த்து 1,90,000, பெல்ட்டு மட்டும் வெளியில வாங்கிக்கணும். மூணாவது பெரிய ஆஸ்பத்திரி: 2,40,000, வரியோட 2,83,200. சொகுசு ரூம், காபி மெஷின். காபி நல்லா இருந்தது.

இப்ப கவனிங்க. மலிவுன்னு போன இடமும் இரண்டாவது இடமும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துடுச்சு. ஆனா முதல் இடத்துல சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஐ.சி.யூ.வும் கிடையாது. இந்த ஆபரேஷன்ல பயப்பட வேண்டிய விஷயங்கள்ல முக்கியமானது ரத்தக்கட்டி. கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்பாங்க, கூனிக்கிட்டாவது நடக்கச் சொல்வாங்க. 2022 மே மாசம் பெங்களூருல ஒரு கன்னட சீரியல் நடிகை, 21 வயசு, ஒரு கிளினிக்ல கொழுப்பு நீக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. நிலைமை மோசமானதும் அங்கிருந்து வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பிழைக்கல. அந்தச் செய்தியை நான் எஸ்டிமேட் பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டுதான் தேடிப் படிச்சேன்.

இன்சூரன்ஸ் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கிடைக்காதுன்னே வெச்சுக்கோங்க. நம்ம ஊர் ஹெல்த் பாலிசிகள்ல தோற்றத்தை மாத்துற ஆபரேஷன் பொதுவான விலக்குகள்ல ஒண்ணு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, இல்லைன்னா உடனடி ஆபத்தை நீக்க அவசியம்னு டாக்டர் எழுதித் தர்ற சிகிச்சை, இதுக்குத்தான் வழி. கூடவே தொப்புள்ல நிஜமாவே ஹெர்னியா இருந்தா, அந்த ஹெர்னியா பகுதிக்கு மட்டும் க்ளெய்ம் பண்ணலாம். காத்திருப்புக் காலம் முடிஞ்சிருக்கணும், பில்லும் தனித்தனியா வரணும்.

நான் போன ஒரு இடத்துல, "ஹெர்னியான்னு போட்டுத் தரோம் மேடம், முழுசா கிடைச்சிடும்"னு சொன்னாங்க. எனக்கு ஹெர்னியாவே இல்ல. ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கண்டுபிடிச்சா க்ளெய்ம் போறதோட நிக்காது, பாலிசியே ரத்தாகலாம். அந்த பாலிசியிலதான் அம்மாவும் இருக்காங்க. அவங்களுக்கு சுகர். அங்கிருந்து எழுந்து வந்துட்டேன்.

எந்த எஸ்டிமேட்லயும் வராத செலவு வேற இருக்கு. குறைஞ்சது இரண்டு வாரம் லீவு. என் வேலையில சம்பளம் இல்லாத லீவு. பக்கத்துல தேங்குற நீரை வெளியேத்த ஒண்ணு ரெண்டு குழாய் சில நாள் தொங்கும், அதுவரைக்கும் கூட ஒரு ஆள் வேணும். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. எங்க வீடு மூணாவது மாடி, தண்ணி கேன் போடுற தம்பி கீழேயே வெச்சுட்டுப் போயிடுவாப்ல. குழந்தை இருக்கிறவங்களுக்கு இந்த ஆறு வாரம் என்னன்னு நான் சொல்லணுமா? இன்னொரு குழந்தை வேணும்னு நினைக்கிறவங்களை முதல்ல பெத்துக்கிட்டு அப்புறம் வாங்கன்னுதான் நல்ல சர்ஜன் சொல்வாங்க. திரும்ப வயிறு விரிஞ்சா கட்டின காசு வீண். எடையும் ஆறு மாசமாவது ஒரே இடத்துல நிக்கணும்.

நான் இரண்டாவது இடத்தை எடுத்திருக்கேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சர்ஜனையே நேர்ல பார்த்துக் கேட்டேன். பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.எச். முடிச்சவரா, மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியுற வரைக்கும் கூட இருப்பாரா, ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் கசிஞ்சா யாருக்கு ஃபோன் பண்ணணும், தழும்பு கோணலா வந்து திரும்பத் தைக்கணும்னா அதுக்கு யார் காசு? கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசிச்சார். தன்னோட ஃபீஸ் வேண்டாம், தியேட்டர் செலவு என்னோடதுன்னு சொன்னார். அதை எழுதித் தரச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார்.

தேதி டிசம்பர் கடைசி. கத்திரி வெயில்ல அந்த பெல்ட்டைக் கட்டிக்கிட்டு உட்கார என்னால முடியாது. லீவு லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. அம்மா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா நேத்து ஃபோன்ல, "அந்த ரெண்டு வாரமும் நான் அங்க வந்து இருக்கணுமா?"ன்னு கேட்டாங்க.